ஒரு பைட்டும் சிதறாமல்: சீரியல் போர்ட் இயக்கியின் நிரல் திருத்தங்களை மறுபார்வை செய்யும் முறை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்

முன்னுரை

கணினி எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டாலும் வெளியுலகத்தோடு பேச வழியில்லாவிட்டால் அதனால் யாருக்கும் பயனில்லை. விசைப்பலகை, அச்சுப்பொறி, அளவு கருவிகள் ஆகிய வெளிப்பொருள்களோடு கணினியைப் பேசவைக்கும் நிரலுக்கு இயக்கி என்று பெயர். வழக்கில் டிரைவர் என்கிறோம். இயக்கமுறைமையில் உள்ள இயக்கிகளுள் மிகப் பழையனவற்றில் ஒன்று சீரியல் போர்ட் இயக்கி. அந்த இயக்கியில் ஒருவர் மாற்றம் செய்து அனுப்பும்போது, அதை ஏற்பதற்கு முன் மற்றவர்கள் எவ்வாறு சரிபார்க்கிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்றைய மடிக்கணினிகளில் ஒன்பது ஊசி கொண்ட அந்தப் பழைய இணைப்பு இல்லை. ஆகவே சீரியல் போர்ட் வழக்கொழிந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. தொழிற்சாலைக் கருவிகள் பலவும் இன்றும் இந்த வழியில்தான் பேசுகின்றன. புதிதாக ஒரு கணினிப் பலகையை உருவாக்குவோர் முதன்முதலில் அதன் குரலைக் கேட்பதும் சீரியல் போர்ட் வழியாகத்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டத்தில் உருவான செயலி 2018-இல் லினக்ஸ் இயக்கமுறைமையை இயக்கிக் காட்டியது. இத்தகைய பலகைகளில் திரை வேலை செய்யத் தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே தொடக்கச் செய்திகள் சீரியல் கம்பி வழியே வந்துவிடும்.

நம் பகுதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலால் வாழ்பவை. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டையும் அறிந்தவை. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. பின்னர் 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை இடையறாது அளந்து, அளவுகளை இணையவழி அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என மாநில வாரியங்களுக்கு ஆணையிட்டது.

ஃப்ளோ மீட்டர், பி.எச். மீட்டர் முதலிய இவ்வகைக் கருவிகள் பலவற்றிலிருந்து எண்கள் வெளியே வருவது ஆர்.எஸ்.-485 என்னும் சீரியல் கம்பி வழியாகும். அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரு சிறு கணினி, அதற்குள் ஓர் இயக்கமுறைமை, அதற்குள் ஓர் இயக்கி. அந்த இயக்கியில் ஒரு பைட் தவறினால் அந்த நேரத்தின் அளவு பதிவாகாமல் போகும். பதிவாகாத நேரத்தில் வாய்க்காலில் என்ன ஓடியது என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே எங்கோ ஒருவர் எழுதும் நான்கு வரி மாற்றத்தை நாம் ஏன் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்கு நம் ஆற்றங்கரையே விடை.

சீரியல் போர்ட் இயங்கும் விதம்

ஒரு பைட்டில் எட்டுப் பிட்கள் உள்ளன. அவற்றை எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பாமல், ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதே சீரியல் முறை. பைட் தொடங்குகிறது என்று அறிவிக்க முன்னால் ஒரு தொடக்கப் பிட்டும், முடிந்தது என்று அறிவிக்கப் பின்னால் ஒரு முடிவுப் பிட்டும் சேரும். ஆக ஓர் எழுத்துக்கு 10 பிட்கள். நொடிக்கு 9600 பிட்கள் என்ற வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும். ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1.04 மில்லிவினாடி ஆகும். வேகம் 115200 ஆனால் 11520 எழுத்துகள் செல்லும்; ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 87 மைக்ரோவினாடிதான்.

பிட்களைப் பிரித்து அனுப்புவதும் வரும் பிட்களைச் சேர்த்துப் பைட்டாக்குவதும் யு.ஏ.ஆர்.டி. எனப்படும் சில்லின் வேலை. 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியில் 8250 என்னும் சில்லு இருந்தது. வந்த பைட்டுகளைச் சேர்த்து வைக்க அதற்கு வரிசை ஏதும் இல்லை. ஒரு பைட்டைக் கணினி எடுத்துக்கொள்வதற்குள் அடுத்தது வந்துவிட்டால் முந்தியது அழிந்துபோகும். பின்னர் வந்த 16550 சில்லில் 16 பைட்டுகள் வரிசையாகக் காத்திருக்க இடம் ஏற்படுத்தினர். முதலில் வெளியான சில்லில் அந்த வரிசையே பழுதாக இருந்ததால், திருத்திய வடிவம் 16550ஏ என்ற பெயரில் வந்தது. இன்றும் பல புதிய சில்லுகள் இதைப் போலவே நடந்துகொள்ளுமாறு செய்யப்படுகின்றன.

இவற்றின் அடிப்படைக் கடிகாரம் 1.8432 மெகாஹெர்ட்ஸ். அதை 16-ஆல் வகுத்தால் 115200 வரும். மேலும் 12-ஆல் வகுத்தால் 9600. பாடப்புத்தகத்தில் தனியாக நிற்கும் எண்கள் இங்கே ஒன்றுக்கொன்று உறவாகி நிற்பதைக் காணலாம்.

இயக்கியின் கடமை

பைட் வந்ததும் சில்லு செயலிக்குக் குறுக்கீடு அனுப்பும். செயலி தன் வேலையை நிறுத்திவிட்டு இயக்கியின் குறுக்கீட்டுச் சார்புக்குள் நுழையும். இயக்கி நிலைப் பதிவகத்தைப் பார்த்து, பைட்டுகளை எடுத்து, மேலே உள்ள டி.டி.ஒய். என்னும் அடுக்கிடம் ஒப்படைக்கும். அனுப்பும்போது இதுவே தலைகீழாக நடைபெறும்.

லினக்ஸின் பிறப்பே சீரியல் போர்ட்டோடு தொடர்புடையது. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பல்கலைக்கழகக் கணினியோடு மோடம் வழியே தொடர்பு கொள்ள ஒரு சிறு நிரல் எழுதினார். விசைப்பலகையிலிருந்து மோடத்துக்கு ஒரு பணி. மோடத்திலிருந்து திரைக்கு மற்றொரு பணி. அந்த இரண்டு பணிகளிலிருந்து வளர்ந்ததே இன்று உலகெங்கும் இயங்கும் அமைப்பு. தொடக்க ஆண்டுகளில் அதன் சீரியல் இயக்கியைத் தியோடர் ட்ஸோ வளர்த்தார். பின்னர் ரஸல் கிங், எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவான பகுதியையும் ஒவ்வொரு சில்லுக்கும் உரிய பகுதியையும் பிரித்துச் சீரமைத்தார். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் உள்ளே இருப்பதும் இதே கருநிரல்தான்.

திருத்தம் செல்லும் பாதை

ஒருவர் நிரலை மாற்றியதும், எந்த வரி நீங்கியது, எந்த வரி சேர்ந்தது என்று காட்டும் திருத்தத் தாளாக அதை அனுப்புவார். மேலே ஏன் இந்த மாற்றம் என்னும் விளக்கம் இருக்கும். கீழே, இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறும் கையொப்ப வரி இருக்கும். இந்த வரி 2004-இல் நடைமுறைக்கு வந்தது. மாற்றங்களைக் காத்துவைக்கும் கிட் என்னும் மென்பொருள் 2005-இல் வந்தது. படித்துப் பார்த்தவரும் சோதித்துப் பார்த்தவரும் தத்தம் பெயரைத் தனித்தனி வரிகளில் சேர்ப்பர்.

அதன்பின் அத்துறையின் பராமரிப்பாளர் அதைத் தம் கிளையில் ஏற்பார். டி.டி.ஒய்., சீரியல் பகுதிக்குக் கிரெக் குரோவா-ஹார்ட்மன், யிரி ஸ்லாபி ஆகியோர் பராமரிப்பாளர்களாகப் பணியாற்றி வந்துள்ளனர். ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும். அதில் முதல் இரண்டு வாரங்கள் மட்டுமே புதியன ஏற்கப்படும். எஞ்சிய காலம் பிழை நீக்கத்துக்கு உரியது. ஒரு திருத்தம் முதல்முறை அனுப்பியதும் ஏற்கப்படுவது அரிது. இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று திரும்பத் திரும்பச் செல்வதே வழக்கம்.

மறுபார்வையாளர் காண வேண்டியவை

1. விளக்கமும் மாற்றமும் பொருந்துகின்றனவா?

முதலில் படிக்க வேண்டியது விளக்கத்தை. என்ன தவறு நேர்ந்தது, யாருக்கு நேர்ந்தது, இந்த மாற்றம் அதை எவ்வாறு நீக்குகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். பிழையைச் சரிசெய்த என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஒரு திருத்தம் ஒரே வேலையைச் செய்ய வேண்டும். பிழை நீக்கத்தோடு வரிகளை அழகுபடுத்துவதையும் சேர்த்து அனுப்பினால், உண்மையான மாற்றம் அலங்காரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நாளை அந்த மாற்றத்தை மட்டும் திரும்பப் பெற வேண்டி வந்தால் முடியாமல் போகும்.

2. பூட்டு சரியாக இருக்கிறதா?

ஒரே நேரத்தில் இரண்டு செயலிகள் ஒரே இடையகத்தைத் தொடக்கூடும். அதனால் தொடுமுன் பூட்டிட்டு, தொட்டபின் திறக்கிறோம். இங்கே மூன்று கேள்விகள் எழும். பூட்டைப் பிடித்திருக்கும்போது குறுக்கீடு வந்து, குறுக்கீட்டுச் சார்பும் அதே பூட்டைக் கேட்டால் என்னாகும்? முதல் பணி நகராமல் பூட்டுத் திறவாது; பூட்டுத் திறவாமல் குறுக்கீடு முடியாது; இயந்திரம் அப்படியே நின்றுவிடும். ஆகவே பூட்டும்போது அந்தச் செயலியில் குறுக்கீட்டையும் நிறுத்த வேண்டும். இரண்டாவது, பூட்டைப் பிடித்தபடி உறங்கக்கூடிய செயல் ஏதும் உண்டா? நினைவகம் கிடைக்கும்வரை காத்திருக்கும் கோரிக்கை அத்தகையது. மூன்றாவது, பிழை நேர்ந்து நடுவிலேயே திரும்பும் வழியில் பூட்டுத் திறக்கப்படுகிறதா?

இதில் அசட்டை செய்தால் நேர்வது என்ன என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. சீரியல் சில்லுக்கு மேலே உள்ள டி.டி.ஒய். அடுக்கில் இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் எழுத வந்தன. இரண்டும் இடம் இருக்கிறதா என்று பார்த்தன; இரண்டுக்கும் இடம் இருப்பதாகவே தெரிந்தது; இரண்டும் எழுதின; இடையகம் நிரம்பி வழிந்து அடுத்த நினைவகத்தைக் கெடுத்தது. 2009-இல் நுழைந்த இக்குறை 2014-இல்தான் வெளிப்பட்டது. அதே 2009-இல் எச்.டி.எல்.சி. என்னும் சீரியல் நெறிமுறைப் பகுதியில் நுழைந்த மற்றொரு குறை, ஒரே நினைவகத்தை இருமுறை விடுவிக்க இடம் தந்தது. அதை 2017-இல் அலெக்சாந்தர் போபோவ் கண்டறிந்து வெளியிட்டார். எட்டு ஆண்டுகளாகப் பலர் கண்ணில் பட்டும் படாமல் கிடந்த வரிகள் அவை. இயங்குகிறது என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

3. வாசித்தால் அழியும் பதிவகம்

பொதுவாக ஒன்றைப் படித்தால் அது அப்படியே இருக்கும் என்று நம்புகிறோம். யு.ஏ.ஆர்.டி.யின் தட நிலைப் பதிவகம் அப்படிப்பட்டதன்று. பைட் நிரம்பி வழிந்தது, சமநிலைப் பிட் பொருந்தவில்லை, முடிவுப் பிட் காணவில்லை ஆகிய பிழைக் கொடிகள் அதில் இருக்கும். ஒருமுறை வாசித்ததும் அந்தக் கொடிகள் தாமே இறங்கிவிடும். ஆகவே யாரேனும் சோதனைக்காக இடையில் ஒரு வாசிப்பு வரியைச் சேர்த்தால், பார்ப்பதற்கு அது தீங்கற்றதாகத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் சார்புக்குப் பிழை நேர்ந்ததே தெரியாமல் போகும். கெட்ட பைட் நல்ல பைட்டாக மேலே சென்றுவிடும்.

இதனால்தான் லினக்ஸ் இயக்கி, வாசித்த கொடிகளைத் தனியாகச் சேமித்து வைக்கிறது. வாசிப்பதையும் சேமிப்பதையும் சேர்த்துச் செய்யும் ஒரு பொதுச் சார்பு 2022-இல் எழுதப்பட்டது. அதற்குமுன் ஆங்காங்கே தனித்தனியாகச் செய்யப்பட்டு, சில இடங்களில் சேமிப்பது விடுபட்டிருந்தது. மறுபார்வையாளர் சில்லின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். மொழி மட்டும் தெரிந்தால் போதாது. பொருளும் தெரிய வேண்டும்.

4. எண்ணை மாற்றினால் கணக்கு மாறும்

ஒரு திருத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 8 பைட் சேர்ந்ததும் குறுக்கீடு அனுப்பு என்று இருந்ததை, 14 பைட் சேர்ந்ததும் அனுப்பு என்று மாற்றியிருக்கிறார்கள். மாறியது ஒரே எண். குறுக்கீடுகள் குறையும் என்று விளக்கம் கூறுகிறது. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேகம் 115200. நொடிக்கு 11520 பைட்டுகள். எட்டுக்கு ஒரு குறுக்கீடு என்றால் நொடிக்கு 1440. பதினான்குக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 823. விளக்கம் கூறுவது உண்மையே. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எட்டில் அழைத்தால் வரிசையில் இன்னும் 8 இடங்கள் மீதி. அவை நிரம்ப ஏறத்தாழ 694 மைக்ரோவினாடி ஆகும். பதினான்கில் அழைத்தால் 2 இடங்களே மீதி. 174 மைக்ரோவினாடியில் வரிசை நிரம்பிவிடும். மெதுவான செயலியில், வேறு ஏதோ ஒரு வேலை குறுக்கீட்டை அதைவிட நீண்ட நேரம் தடுத்துவைத்தால் பைட் சிதறும். ஆகவே இந்த மாற்றம் எந்தப் பலகையில், எந்தச் சுமையில் சோதிக்கப்பட்டது என்று கேட்பது மறுபார்வையாளரின் உரிமை, கடமையும்கூட.

5. ஆர்.எஸ்.-485: பேசி முடித்ததை அறிவது எப்படி?

கழிவுநீர்க் கருவிகளுக்கு நேரடியாகத் தொடர்புடைய இடம் இதுவே. 1960-இல் வந்த ஆர்.எஸ்.-232 முறையில் இரண்டு கருவிகளே பேசலாம். 1983-இல் வந்த ஆர்.எஸ்.-485 முறையில் ஒரே இணைக் கம்பியில் 32 கருவிகள் வரை, 1200 மீட்டர் தொலைவு வரை பேசலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். கணினி கேள்வியை அனுப்பி முடித்ததும் கம்பியை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் மீட்டர் பதில் சொல்ல இயலும். பல பலகைகளில் ஆர்.டி.எஸ். என்னும் கட்டுப்பாட்டுக் கம்பியை ஏற்றி இறக்கி இதைச் செய்கிறார்கள்.

எப்போது இறக்குவது? தட நிலைப் பதிவகத்தில் ஐந்தாம் பிட், அனுப்பும் வரிசை காலியாகிவிட்டது என்று கூறும். ஆறாம் பிட், வரிசை மட்டுமன்றி நகர்வுப் பதிவகமும் காலியாகிவிட்டது என்று கூறும். பிட் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு பைட். ஐந்தாம் பிட் எழும் நேரத்தில் கடைசிப் பைட் இன்னும் பிட் பிட்டாகக் கம்பியில் சென்றுகொண்டிருக்கும்.

ஒரு திருத்தம், ஆறாம் பிட்டுக்காகக் காத்திருந்த வரியை நீக்கிவிட்டு ஐந்தாம் பிட்டோடு நிறுத்திக்கொண்டால் என்னாகும்? 1979-இல் மோடிகான் நிறுவனம் வகுத்த மாட்பஸ் நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் எழுத்துக்கு 11 பிட்கள். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1.15 மில்லிவினாடி. ஐந்தாம் பிட் எழுந்த உடனே ஆர்.டி.எஸ். இறங்கினால் கடைசிப் பைட் பாதியில் அறுந்துவிடும். மாட்பஸ் செய்தியின் கடைசி இரண்டு பைட்டுகள் சரிபார்ப்பு எண். அது அறுந்தால் மீட்டர் முழுச் செய்தியையும் ஒதுக்கிவிட்டு வாய்மூடி இருக்கும். தவறான அளவு வராது; அளவே வராது. மீட்டர் பழுது என்று மீட்டரைக் கழற்றுவார்கள், கம்பியை மாற்றுவார்கள். குறை இருப்பதோ நிரலின் ஒரு வரியில்.

நெடுநேரம் பிடித்து வைத்தாலும் குற்றமே. மாட்பஸில் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே மூன்றரை எழுத்து நேரம் அமைதி வேண்டும். 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிவினாடி. அதற்குமேலும் கணினி கம்பியை விடாவிட்டால் மீட்டரின் பதிலின் முதல் பைட் மோதிச் சிதையும். ஆக, கடைசிப் பிட் சென்ற பிறகு, 4 மில்லிவினாடிக்குள் விட்டுவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், இந்த வகைச் சில்லுகளில் பொதுவாக ஐந்தாம் பிட்டுக்குக் குறுக்கீடு உண்டு. ஆறாம் பிட்டுக்கு இல்லை. 2016-இல் லினக்ஸின் 8250 இயக்கியில் ஆர்.எஸ்.-485 திசை மாற்றத்தை மென்பொருளால் செய்யும் பகுதி சேர்க்கப்பட்டது. திருப்பும் நேரத்தைக் கணிக்க அது கடிகாரத்தின் துணையை நாடுகிறது. இந்தப் பகுதியைத் தொடும் எந்தத் திருத்தத்தையும் அலைவுகாட்டியில் பார்த்த சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது.

6. தொடாத இடத்தையும் பார்க்க வேண்டும்

2024-இல் சீரியல் பகுதி முழுவதிலும், அனுப்புவதற்கான வட்ட இடையகத்தை நீக்கி, கேஃபிஃபோ என்னும் பொது வரிசை அமைப்பைக் கொண்டுவந்தனர். செம்மையான மாற்றம். ஆயினும் ஒரு நிறுவனச் சில்லின் இயக்கியில் முன்பே உறங்கிக் கிடந்த குறை இதனால் விழித்துக்கொண்டது. சில நேரங்களில் இயந்திரம் உறைந்துபோனது. பழைய அமைப்பு தற்செயலாக மறைத்து வைத்திருந்ததைப் புதிய அமைப்பு வெளிக்காட்டியது. திருத்தப்பட்ட வரிகளை மட்டும் பார்ப்பவர் இதைக் காண முடியாது. அந்தச் சார்பை அழைப்பவர் யார் யார், போர்ட்டை மூடும்போது என்னாகும், இயந்திரம் உறக்க நிலைக்குச் செல்லும்போது பாதி அனுப்பிய செய்தி என்னாகும் என்று தேடிச் சென்று பார்ப்பவருக்கே அது புலப்படும்.

செக்கிங் மேசையும் நிரல் திருத்தமும்

என் தாயார் காலணித் தொழிற்சாலை ஒன்றில் செக்கிங் மேசையில் வேலை செய்கிறார். ஷூவின் மேற்பகுதி தையல் முடிந்து வந்ததும் இடது வலது இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறம் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார். தையல் வரிசை ஒரே அளவில் செல்கிறதா என்று பார்ப்பார். பிறகு கையை உள்ளே விட்டுத் தடவுவார். வெளியே பளபளவென்று இருக்கும் ஷூவின் உள்ளே லைனிங் மடிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. போட்டு நடப்பவரின் காலுக்குத்தான் தெரியும். குறை உள்ள இடத்தில் மட்டும் சிறு அடையாளம் ஒட்டித் திருப்பி அனுப்புவார். தைத்தவர் யார் என்று பார்த்து ஒட்டுவதில்லை.

நிரல் மறுபார்வைக்கு வேண்டிய ஒழுங்கும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. குறிப்பு வரியின் மேல் இருக்க வேண்டும். எழுதியவர் மேல் இருக்கக் கூடாது. இந்த ஒழுங்கு எப்போதும் கைகூடுவதில்லை என்பதும் வரலாறு. 2009 ஜூலையில், டி.டி.ஒய். பகுதியில் செய்த மாற்றத்தால் பயன்பாட்டு நிரல்கள் கெட்டது குறித்து டோர்வால்ட்ஸுக்கும் அப்பகுதியின் பராமரிப்பாளர் ஆலன் காக்ஸுக்கும் கடும் வாதம் நிகழ்ந்தது. காக்ஸ் அப்பொறுப்பிலிருந்து விலகினார். பயனாளரின் நிரல் நேற்று வேலை செய்தது என்றால் இன்றும் வேலை செய்ய வேண்டும் என்னும் விதி உறுதிப்பட்டது. அதற்காக அனுபவம் மிக்க ஒருவரை அப்பொறுப்பிலிருந்து இழக்க நேர்ந்தது. கருத்து சரியாக இருப்பது மட்டும் போதாது, சொல்லும் முறையும் வேலையின் பகுதியே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

நாம் செய்யக்கூடியது

இதற்கெல்லாம் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுமோ என்று நண்பர்கள் மலைக்க வேண்டாம். லினக்ஸின் மூலநிரல் எவருக்கும் இலவசம். அதில் டிரைவர்ஸ், டி.டி.ஒய்., சீரியல், 8250 என்று ஒன்றன்கீழ் ஒன்றாகச் சென்றால் இக்கட்டுரையில் கூறிய வரிகளைக் காணலாம். க்யூ.ஈ.எம்.யு. என்னும் மென்பொருள் 16550ஏ சில்லையே கணினிக்குள் பொய்யாக உருவாக்கிக் காட்டும். சாலிடர் வேண்டாம், பலகை வேண்டாம். உண்மையான கம்பியில் பார்க்க விரும்புவோர் இரண்டு யு.எஸ்.பி. சீரியல் மாற்றிகளை வாங்கி, ஒன்றின் அனுப்பும் கம்பியை மற்றதன் பெறும் கம்பியோடு குறுக்காக இணைத்து, தரைக் கம்பிகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் திருத்தம் எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதியதைப் படித்தால் போதும். பழைய திருத்தம் ஒன்றை எடுத்து, அதன் விளக்கத்தை மறைத்துக்கொண்டு, இது எதற்காகச் செய்யப்பட்டது என்று நாமே எழுதிப் பார்க்கலாம். பிறகு மறைத்ததைத் திறந்து ஒப்பிடலாம். இதை வாரம் ஒன்றாகச் செய்தால் ஓராண்டில் ஐம்பது பாடங்கள். நம் துறையில் ஒரு திருத்தத்தை நால்வர் சேர்ந்து படிக்கும் சிறு வட்டம் அமைக்கலாம் என்று ஆசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தியிலிருந்து வருகிறவருக்கு ஆங்கில விளக்கங்கள் முதலில் கற்பாறையாகத்தான் இருக்கும். ஆனால் மேலே கண்ட கணக்குகளைப் பாருங்கள். 16-இல் 14 போனால் மீதி 2. அதை 87-ஆல் பெருக்கினால் 174. இந்தக் கணக்கைப் போட எந்தப் பரம்பரையும் வேண்டியதில்லை. திருத்தத்தில் பிழை இருக்கிறது என்று கணக்கோடு காட்டினால், காட்டியவர் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதால் அந்தக் கணக்கு மாறிவிடாது. நம்மைப் போன்றோருக்கு இத்துறையில் நம்பிக்கை தருவது இதுதான்.

முடிவுரை

சீரியல் போர்ட் பழையது, எளியது, ஆனால் இன்னும் ஓய்வு பெறாதது. அதன் இயக்கியை மறுபார்வை செய்பவர் விளக்கத்தைப் படிக்க வேண்டும். பூட்டைப் பார்க்க வேண்டும். பதிவகத்தின் குணத்தை அறிய வேண்டும். எண்ணைக் கணக்கிட வேண்டும். கடைசிப் பைட் கம்பியை விட்டு நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். தொடாத இடத்தையும் தேட வேண்டும். தீங்கு நேர்ந்தபின் ஈடு செய்வதைவிட நேருமுன் காப்பதே மேல் என்பது 1996-இல் நம் வேலூரின் பெயரால் நாட்டுக்குக் கிடைத்த சட்டப் பாடம். நிரலுக்கும் அது பொருந்தும். வாய்க்காலின் ஓரத்தில் இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கும் ஒரு மீட்டரின் எண், அது எவ்வளவாக இருந்தாலும், அப்படியே வந்து சேர வேண்டும். அதற்கு நான்கு வரித் திருத்தத்தைப் பொறுமையாகப் படிக்கும் கண்கள் வேண்டும். அந்தக் கண்கள் நம் வகுப்பறைகளிலும் உள்ளன.